கும்பகோணத்தில் தைராய்டு டெஸ்டும் வைத்தியமும்: எட்டு மாதம் அலைந்து பார்த்தவளின் அனுபவம்

கழுத்து வீக்கத்தை முதலில் பார்த்தது நான் இல்லை, என் நாத்தனார். ஆடிப்பெருக்கு அன்று குடமுருட்டிக் கரையில் படையல் முடித்து, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும்போது பின்னால் முடிச்சுப் போட்டவள் முன்னால் வந்து பார்த்துவிட்டு, “அண்ணி, கழுத்து தடிச்ச மாதிரி இருக்கே, எப்போலேர்ந்து?” என்று கேட்டாள். எனக்கே தெரியவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால், தண்ணீர் விழுங்கும்போது தொண்டைக்குக் கீழே ஒன்று மேலே ஏறி இறங்குவது நன்றாகவே தெரிந்தது.

அதற்கு முன்னால் ஒரு வருடமாகவே உடம்பு சரியில்லைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லி வைத்திருந்தேன். முடி கொட்டினால் போர்வெல் தண்ணீர், மலச்சிக்கல் என்றால் சாப்பாட்டு நேரம் சரியில்லை, மாதவிடாய் பத்து நாள் போனால் வயது 38 ஆகிவிட்டது, எடை ஆறு கிலோ ஏறினால் நடப்பதில்லை. ஒன்று மட்டும் எந்தக் காரணத்துக்கும் அடங்கவில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து, குறுவை நடவு நடக்கும் நாளில் ஊரே வேர்வையில் நனைந்துகொண்டிருக்க, நான் ஃபேனை அணைத்துவிட்டுப் போர்வை தேடிக்கொண்டிருந்தேன். அப்போதே போயிருக்க வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இதே மாதிரி இருந்தால், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் போனது தப்பான வழி. போனில் விளம்பரம் வந்துகொண்டே இருந்த ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள், எழுபது எண்பது டெஸ்ட், ஆயிரத்துச் சொச்சம். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துக்கு வீடு தேடி வருகிறார்களே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்த பையன் சொன்ன நேரத்துக்கு வந்தார், வலிக்காமல் எடுத்தார், அதில் குறையே இல்லை. ரிப்போர்ட்தான் பிரச்சினை. இருபது பக்கத்துக்கு மேல் வந்தது, அதில் பதினொரு இடத்தில் சிவப்பு எழுத்து, எது முக்கியம் எது முக்கியமில்லை என்று ஒரு வரி கிடையாது. தைராய்டு பகுதியில், அந்தச் சுரப்பி சுரக்கிற ஹார்மோன்களான டோட்டல் டி3, டோட்டல் டி4 இரண்டும் நார்மல், டி.எஸ்.ஹெச் மட்டும் 6.8. மறுநாள் அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தார், விளக்கம் சொல்லப் போகிறார் என்று பேனா பேப்பரோடு உட்கார்ந்தேன், அவர் இன்னொரு பேக்கேஜ் விற்பதற்குக் கூப்பிட்டிருக்கிறார். “டி.எஸ்.ஹெச் 6.8 என்றால் என்னம்மா?” என்று கேட்டேன், “டாக்டரைப் பாருங்க மேடம்” என்று வைத்துவிட்டார்.

எங்கள் ஊர் மருந்துக்கடையில் ரிப்போர்ட்டைக் காட்டினேன். “தைராய்டுதான், இருபத்தஞ்சு மைக்ரோகிராம் போடுங்க, சரியாயிடும்” என்று பாட்டிலை எடுத்து வைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் என்னவோ கை போகவில்லை. ஒரு தடவை பார்த்த ஒரு எண்ணை வைத்து, கழுத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், எத்தனை வருடம் என்று தெரியாத ஒரு மாத்திரையை எப்படி ஆரம்பிப்பது?

சரி, நல்லதுக்கு வருகிறேன். எங்கள் மகளிர் குழுவில் ஒரு அக்கா, அவரும் தைராய்டுக்கு மாத்திரை போடுகிறவர், கும்பகோணத்தில் ஒரு சின்ன லேபுக்குப் போகச் சொன்னார். பெயரை எழுதலாமா என்று அந்த லேப் நடத்துகிற அம்மாவிடமே கேட்டேன், “வேண்டாம்மா, ரெண்டு பேர் வச்சு நடத்துறோம், கூட்டம் வந்தா ஒவ்வொருத்தர்கிட்டயும் பேச முடியாது” என்று சொல்லிவிட்டார், அதனால் எழுதவில்லை. ஒரு லேபில் என்ன கிடைக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள பெயர் தேவையும் இல்லை.

உள்ளே போனதும் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. கர்ப்பமா, கருத்தடை மாத்திரை உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், முடிக்கு ஏதாவது போடுகிறீர்களா? ஆமாம், முடி கொட்டுகிறது என்று நாலு மாதமாக ஒரு பயோட்டின் மாத்திரை, பத்து மில்லிகிராம். உடனே ஊசியைக் கீழே வைத்துவிட்டார். “இன்னிக்கு எடுக்க வேண்டாம், அதை நிறுத்திட்டு மூணு நாள் கழிச்சு வாங்க” என்றார். பல மெஷின்களில் இந்த டெஸ்டே பயோட்டினை வைத்துத்தான் வேலை செய்கிறதாம், ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் டி.எஸ்.ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். வந்த காசை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற லேபை நான் அன்றுதான் பார்த்தேன். பஸ் செலவு வீண்தான், ஆனால் அந்த ஒரு கேள்வியைப் பேக்கேஜ்காரர்கள் கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மூன்று நாள் கழித்துப் போய்க் கொடுத்தேன். வெறும் வயிறு கட்டாயமில்லை என்றார், ஆனால் அதிகாலையில் டி.எஸ்.ஹெச் கொஞ்சம் கூடுதலாகவும் மதியத்துக்கு மேல் குறைவாகவும் இருக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு, முடிந்தால் ஒரே லேபில் கொடுங்கள் என்றார். சாயங்காலம் ரிப்போர்ட். ஒரே பக்கம். டி.எஸ்.ஹெச் 13.2, ஃப்ரீ டி4 0.7, அதற்கு நேரே அவர்கள் லேபின் நார்மல் அளவு 0.9 முதல் 1.7 வரை என்று போட்டிருந்தது. பேனாவால் இரண்டையும் வட்டம் போட்டுவிட்டு அந்த அம்மா சொன்ன விளக்கத்தை அப்படியே எழுதுகிறேன், இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

“நீங்க விவசாயக் குடும்பம்தானே? வயல்ல தண்ணி இல்லேன்னா என்ன பண்ணுவீங்க, லஸ்கர்கிட்ட போய் ஷட்டரைத் தூக்குங்கன்னு சத்தம் போடுவீங்கல்ல? அந்தச் சத்தம்தான் டி.எஸ்.ஹெச். மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி போடுற சத்தம். வயல்ல நிக்கிற தண்ணிதான் டி4. தண்ணி குறையக் குறைய சத்தம் கூடும். அதனாலதான் சுரப்பி வேலை குறைஞ்சா டி.எஸ்.ஹெச் ஏறுது.”

நான் அதுவரை டி.எஸ்.ஹெச் கூடியிருந்தால் தைராய்டு கூடியிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்போதும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது நேர் எதிர். டி.எஸ்.ஹெச் ஏறியிருந்தால் தைராய்டு சுரப்பது குறைவு, டி.எஸ்.ஹெச் அடிமட்டத்துக்கு இறங்கி டி4 ஏறியிருந்தால் சுரப்பது அதிகம். டோட்டலுக்கும் ஃப்ரீக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ரத்தத்தில் இருக்கிற டி4 ஏறக்குறைய முழுவதும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவுதான் தனியாக, உடம்பு எடுத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது, அதுதான் ஃப்ரீ. கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அந்தப் புரதம் கூடிவிடும், டோட்டல் கணக்கு ஏமாற்றும். வாய்க்காலில் ஓடுவது வேறு, மடை திறந்து நம் வயலுக்குள் வருவது வேறு என்று நானே புரிந்துகொண்டேன்.

மாத்திரை எவ்வளவு என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. “அது டாக்டர் வேலை, நான் சொல்லக் கூடாது” என்று முடித்துவிட்டார். டி.எஸ்.ஹெச், ஃப்ரீ டி4 இரண்டும் சேர்த்து என்னிடம் வாங்கியது 550 ரூபாய். குறைகளும் உண்டு: மாடிப்படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் ஏற முடியாது, ஞாயிறு கிடையாது, உட்கார நாலே நாற்காலி.

அடுத்து டாக்டர். இதற்கு ஹார்மோன் ஸ்பெஷலிஸ்டைத் தேடித் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் போனது கும்பகோணத்திலேயே மாலை நேர கிளினிக் வைத்திருக்கும் ஒரு பொது மருத்துவர். காத்திருப்பு மோசம், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஐந்து மணிக்குப் போய் டோக்கன் 34 வாங்கி உள்ளே போகும்போது எட்டேமுக்கால், திரும்ப பஸ் கிடைக்குமா என்று என் கணவர் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். போனில் டோக்கன் கொடுக்கிற ஏற்பாடு வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது பெரிய கஷ்டம்.

ஆனால் உள்ளே போனபின் அவர் அவசரப்படவில்லை. ரிப்போர்ட்டைக் கடைசியில்தான் வாங்கிப் பார்த்தார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார், பின்னால் நின்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார், நாடி எண்ணினார், முட்டி போட வைத்துக் குதிகாலுக்கு மேலே சின்ன சுத்தியலால் தட்டினார், கால் துள்ளியது ஆனால் மெதுவாகத் திரும்பியது, அதை என் கணவரையும் கூப்பிட்டுக் காட்டினார். வீக்கம் ஒரே சீராக இருக்கிறது, தனிக் கட்டியாக எதுவும் தட்டுப்படவில்லை, அதனால் இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம் என்றார். தைராய்டுக்கு எதிராக நம் உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடியைப் பார்க்கிற ஆன்டி டி.பி.ஓ என்ற ஒரே ஒரு டெஸ்ட் மட்டும் எழுதிக் கொடுத்தார், அதுவும் ஒரு தடவை போதும், திரும்பத் திரும்ப எடுக்கிறவர்களிடம் காசு வீணாக்காதீர்கள் என்று சொல்லுங்கள் என்றார், சொல்லிவிட்டேன். அது மிக அதிகமாக வந்தது. ஹஷிமோட்டோ. 1912-ல் இதை முதலில் விவரித்த ஜப்பான் டாக்டரின் பெயராம். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நம் தைராய்டைத் தாக்குகிறது.

6.8, 13.2 ஆனது பயோட்டினாலா, மெஷின் மாறியதாலா, நோயே கூடியதாலா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்று நேராகவே சொன்னார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. 6.8 மட்டும் இருந்து ஃப்ரீ டி4 நார்மலாக இருந்திருந்தால் உடனே மாத்திரை கொடுத்திருக்க மாட்டேன், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன், பலருக்கு அது தானாக இறங்கிவிடும், 10-க்கு மேல் போனாலோ டி4 குறைந்தாலோ கர்ப்பம் என்றாலோ கணக்கு வேறு என்றார். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு என்பதையும் சொன்னார், என் மாமியாருக்கு 5.6 என்று பயந்துகொண்டிருந்தோம், அவருக்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார்.

உப்பு விஷயத்தையும் கேட்டேன். எங்கள் வீட்டில் கல்லுப்புதான், வேதாரண்யம் பக்கத்திலிருந்து மூட்டையாக வரும், அத்தைக்கு அது இல்லாமல் ஊறுகாய் போட முடியாது. அயோடின் சேர்த்த உப்புக்கு மாறுங்கள், குழந்தைகளுக்கு அது முக்கியம், நாட்டில் 1962-லிருந்து அரசாங்கம் இதற்காகவே திட்டம் நடத்துகிறது, ஆனால் உங்கள் நோய் உப்பால் வந்ததில்லை, அதிகமாக அயோடின் சாப்பிட்டால் குணமாகும் என்று யாராவது சொட்டு மருந்து கொடுத்தால் தொடாதீர்கள், ஹஷிமோட்டோ இருப்பவர்களுக்கு அது கெடுதலாகவும் போகலாம் என்றார். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர்? வேகவைத்து வழக்கமான அளவு சாப்பிடலாம். நான் இரண்டு மாதமாகக் கூட்டுகூடச் செய்யாமல் இருந்தேன்.

லீவோதைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை 50 மைக்ரோகிராம் எழுதினார். மாத்திரையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஏனென்றால் பாதிப் பேருக்கு மாத்திரை தப்பில்லை, சாப்பிடும் முறைதான் தப்பு. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், அப்புறம் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் எதுவும் கூடாது, காபியும் கூடாது. கும்பகோணம் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களிடம் காலையில் எழுந்ததும் காபி கூடாது என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. “காபியை விட வேண்டாம், தள்ளி வைங்க, காபி கூடப் போனா மாத்திரை சரியா உடம்புல சேராது” என்றார். இப்போது எழுந்ததும் மாத்திரை, பிறகு வாசல் தெளித்துக் கோலம், மாட்டுக்குத் தீவனம், பால் கறந்து வந்து அந்தப் பாலிலேயே காபி. ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்றே தெரிவதில்லை. காலை ஒத்துவராதவர்கள் இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்தும் போடலாமாம், தினமும் ஒரே மாதிரி இருந்தால் சரி.

இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டுக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இதைத் தனியாக எழுதக் காரணம், உதிரப்போக்கு அதிகமாகி ரத்தம் குறைந்ததால் எனக்கு ஏற்கெனவே இரும்பு மாத்திரை இருந்தது, அதைக் காலையில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது இரவுக்கு மாற்றியாயிற்று.

பாட்டிலில் வருகிற மாத்திரையை அந்தப் பாட்டிலிலேயே வையுங்கள். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் வீடுகளில் உப்பே நீர்த்துப்போகிறது, மாத்திரை என்ன ஆகும்? அடுப்பு மேடை அலமாரியில் வைக்கக் கூடாது, வெயிலும் கூடாது. அளவையும் ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். ஒரு கடையில் 50-க்குப் பதில் 100 கொடுத்துவிட்டார்கள், பாட்டில் ஒன்றுபோலவே இருந்தது, வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு மறுநாளே போய் மாற்றினேன். கம்பெனியையும் அடிக்கடி மாற்ற வேண்டாம், மாற்ற நேர்ந்தால் ஆறு வாரத்தில் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செலவு பெரிதில்லை, மூன்று மாதத்துக்கு மேல் வருகிற பாட்டில் எனக்கு 200 ரூபாய்க்குள் முடிகிறது.

பத்து நாளில் எழுந்து ஓடுவேன் என்று எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அதனால் ஓர் அளவு நிலைக்கு வர ஆறு வாரம், அதற்கு முன்னால் டெஸ்ட் எடுத்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. இரண்டு வாரத்தில் அவசரப்பட்டு எடுத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்தினவர்களை எனக்கே தெரியும். எனக்கு முதலில் சரியானது மலச்சிக்கல், மூன்றாவது வாரம். பிறகு குளிர் போயிற்று. கார்த்திகைக் கடைசியில் டி.எஸ்.ஹெச் 5.9, அளவை 75 ஆக்கினார். பொங்கல் முடிந்து எடுத்தபோது 2.3. மாதவிடாய் ஐந்து நாளுக்கு வந்துவிட்டது. மதியம் படுக்காமல் களத்து மேட்டில் நின்று நெல் மூட்டைக் கணக்கு எழுதினேன், போன வருடம் அதை என்னால் செய்ய முடியவில்லை. எடை மட்டும் இரண்டு கிலோதான் குறைந்தது, தைராய்டால் ஏறுவது பெரும்பாலும் கொஞ்சம்தான், மீதி நம் சாப்பாடு என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். முடி கொட்டுவது இப்போதுதான், ஆறு மாதம் கழித்து, குறைந்திருக்கிறது. கழுத்து வீக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, முழுக்கப் போகவில்லை.

எல்லோருக்கும் கும்பகோணத்துப் பொது மருத்துவர் போதும் என்று சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள், குழந்தைகள், நெஞ்சு வலியோ இதய நோயோ உள்ளவர்கள், கழுத்தில் தனிக் கட்டி தட்டுப்படுகிறவர்கள், மூன்று நாலு முறை அளவு மாற்றியும் டி.எஸ்.ஹெச் இறங்காதவர்கள் ஹார்மோன் மருத்துவரிடம் போவதுதான் நல்லது, இதையும் அவரே சொன்னார். இதய நோய் உள்ள பெரியவர்களுக்கு மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்களாம், அதனால் என் அளவைப் பார்த்து யாரும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

மன்னார்குடியில் இருக்கும் என் தங்கைக்கு இப்போது இரண்டாவது மாதம். இது குடும்பத்தில் வரக்கூடியது என்று தெரிந்ததால் போன வாரமே டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், டி.எஸ்.ஹெச் 4.9 வந்திருக்கிறது. மற்ற நேரமாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், முதல் மூன்று மாதம் குழந்தை அம்மாவின் தைராய்டை நம்பியே இருக்கிறது. “அக்கா, பயமா இருக்குக்கா” என்று போனில் அழுதாள். தஞ்சாவூரில் ஹார்மோன் மருத்துவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம், இந்த இடத்தில் போனிலேயே டோக்கன் கொடுக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். போய் வந்து அங்கே எப்படி இருந்தது என்று எழுதுகிறேன்.